பந்து குத்தி வீங்கிய விரலுக்கு எந்தக் கட்டு?

பந்து விரல் நுனியில் நேராகக் குத்தினால் அந்த அடி நுனியோடு நிற்பதில்லை. விரலின் நீளத்துக்கு ஓடி, பெரும்பாலும் நடு மூட்டில் போய் இறங்குகிறது. நடு மூட்டு கதவின் கீல் மாதிரி. மடங்கும், நீளும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடாமல் பிடித்து வைப்பவை இரு பக்கமும் உள்ள தசைநார்கள். பின்பக்கம் வளையாமல் தடுப்பது உள்ளங்கைப் பக்கமாக இருக்கும் தடித்த தகடு. இவற்றில் ஏதோ ஒன்று இழுபட்டோ லேசாகக் கிழிந்தோ, மூட்டுக்கு உள்ளேயும் சுற்றியும் நீரும் ரத்தமும் சேர்ந்துவிடுகின்றன. விரல் சுளுக்கு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இதற்குக் கடையில் கேட்டால் உறை, பட்டை, டேப், வெல்க்ரோ, அலுமினியத் தகடு என எல்லாவற்றையும் 'ஃபிங்கர் சப்போர்ட்' என்ற ஒரே பெயரில் எடுத்து வைப்பார்கள். ஆனால் அவை செய்யும் வேலை இரண்டு வகை. ஒன்று, அழுத்தி வீக்கத்தை வடிய வைப்பது. மற்றது, மூட்டு பக்கவாட்டில் ஆடாமல் தாங்குவது. அழுத்தும் உறை மூட்டைத் தாங்காது. தாங்கும் கட்டு வீக்கத்தை வடிக்காது. உறையை மாட்டிக்கொண்டு பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று மறுநாளே ஆடப்போவதும், வீக்கம் வடியட்டும் என்று தகடு வைத்து மூன்று வாரம் கட்டி விரலை விறைக்க விடுவதும் இந்த ஒரு குழப்பத்தால் வருபவை.

கட்டுவதற்கு முன்னால்

முதலில் மோதிரம். அடிபட்ட நிமிடமே கழற்றிவிடுங்கள், பக்கத்து விரலில் இருந்தாலும் சரி. அரை மணி கழிந்தால் வராது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டுவிட்டதென்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துச் சில நிமிடம் குளிர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, நூல் முறையைப் பாருங்கள். வழுக்கலான மெல்லிய நூல், பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூல் என்றால் இன்னும் நல்லது, 60 செ.மீ. எடுத்து ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து மணிக்கட்டுப் பக்கம் வெளியே இழுங்கள். நுனிப் பக்கம் இருக்கும் நீண்ட நூலை மோதிரத்தின் விளிம்பிலிருந்தே தொடங்கி, இடைவெளி விடாமல் ஒன்றையொட்டி ஒன்றாக, நடு மூட்டைத் தாண்டும் வரை சுற்றுங்கள். சதை அமுங்கி மூட்டு ஒடுங்கும். இப்போது மணிக்கட்டுப் பக்க முனையைப் பிடித்து விரல் நுனியை நோக்கிச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தால், ஒவ்வொரு சுற்று அவிழும்போதும் மோதிரம் ஒரு படி ஏறும். விரல் கோணியிருந்தாலோ, காயம் இருந்தாலோ, நுனி வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலோ இதைச் செய்து நேரம் போக்க வேண்டாம். மோதிரத்தை வெட்டத்தான் வேண்டும்.

விரலைப் பிடித்து இழுத்து 'சொடுக்கு' எடுப்பதும் வேண்டாம். உள்ளே எலும்பு விரிசல் இருந்தால் இழுப்பு அதை விலக்கிவிடும்.

அடுத்து நான்கு சோதனைகள். இவற்றில் ஒன்று தவறினாலும் கையில் இருப்பது வெறும் சுளுக்கு இல்லை. எந்த உறையும் அதைச் சரி செய்யாது.

நுனி மூட்டு தானாக நீள்கிறதா? நுனி தொங்கிப்போய், முயன்றாலும் நிமிரவில்லை என்றால் நீட்டும் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) அறுந்திருக்கிறது. இதற்கு நுனி மூட்டை நேராகப் பிடிக்கும் கெட்டியான ஸ்பிளிண்ட் 6 முதல் 8 வாரம் இரவு பகலாக வேண்டும். நடுவில் ஒருமுறை மடங்கினாலும் கணக்கை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

நடு மூட்டை மற்றொரு கையால் நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் மடக்கும் நாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். மோதிர விரலில்தான் இது அதிகம். எவ்வளவு சீக்கிரம் அறுவை சிகிச்சை நடக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளினால் உள்ளே நாண் சுருங்கிப் பின்னால் போய்விடும்.

மேசை விளிம்பில் விரலை வைத்து நடு மூட்டை 90 டிகிரி மடக்குங்கள். அதன் மேல் லேசாக எதிர் அழுத்தம் கொடுத்தபடி நீட்டப் பாருங்கள். நடு மூட்டில் வலுவே இல்லாமல், நுனி மூட்டு மட்டும் விறைத்து நிமிர்ந்தால், நடு மூட்டின் முதுகில் ஓடும் நாண் பட்டை அறுந்திருக்கிறது. முதல் சில நாள் விரல் பார்க்க ஒழுங்காகவே இருப்பதால் ஏமாற்றுவது இதுதான். வாரங்கள் போகப் போக நடு மூட்டு மடிந்தே நின்றுவிடும்.

கடைசியாக, மெதுவாக முஷ்டி மடக்கிப் பாருங்கள். எல்லா விரல் நுனிகளும் கட்டைவிரலின் அடிப்பகுதியை நோக்கிச் சாய வேண்டும். ஒன்று மட்டும் பக்கத்து விரலின் மேல் ஏறினால் எலும்பு முறிந்து திருகியிருக்கிறது.

இவை போக, விரல் கோணல், திறந்த காயம், மரத்துப்போதல், பக்கவாட்டில் தளதளவென்று ஆடுதல், எலும்பின் மேல் ஒரே புள்ளியில் சுரீர் வலி என்று எது இருந்தாலும் எக்ஸ்ரே எடுங்கள். கட்டைவிரலின் அடி மூட்டு தனிக் கதை. இங்கே சொல்வது மற்ற நான்கு விரல்களின் நடு மூட்டுக்கு மட்டும்.

விரலுக்குக் கொஞ்சம் அழுத்தமே அதிகம்

ஒரே இழுவிசையில் ஒரு பட்டையைச் சுற்றும்போது, சுற்றப்படும் பொருள் எவ்வளவு ஒல்லியோ அழுத்தம் அவ்வளவு கூடும். இயற்பியலில் இது லாப்லாஸ் விதி. 24 செ.மீ. சுற்றளவுள்ள கணுக்காலின் ஆரம் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 6 செ.மீ. சுற்றளவுள்ள விரலின் ஆரம் 1 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கணுக்காலில் இதமாக இருந்த அதே இழுப்பு விரலில் நான்கு மடங்கு நெரிக்கும். பாதிக்குப் பாதி மேலேற்றிச் சுற்றினால் எல்லா இடத்திலும் இரண்டு அடுக்கு விழுகிறது. அழுத்தம் இன்னொரு மடங்கு ஏறுகிறது. கால் சுளுக்குக்குக் கட்டிப் பழகிய கை விரலில் தவறு செய்வது இதனால்தான்.

இதே விதியில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. வீங்கிய மூட்டு தடிமன். அதற்கு முன்னும் பின்னும் விரல் ஒல்லி. ஒரே சீராகச் சுற்றினால் ஒல்லியான இடத்தில் அழுத்தம் கூடி, வீங்கிய இடத்தில் குறைகிறது. விரலின் அடிப்பகுதி கயிறு கட்டியதுபோல் இறுகி, நீர் மூட்டிலேயே தேங்கிவிடும். ஆகவே எந்தக் கட்டாக இருந்தாலும் நுனியில் தொடங்க வேண்டும், உள்ளங்கையை நெருங்க நெருங்கத் தளர வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க நகம் போதும். நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். மற்ற கையின் அதே விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டிய 15 நிமிடத்தில் ஒருமுறை, ஒரு மணி நேரத்தில் ஒருமுறை. ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ, விண் விண் என்று தெறித்தாலோ, நுனி சில்லிட்டாலோ உடனே அவிழ்க்க வேண்டும். சர்க்கரை நோயால் விரலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும், குளிரில் விரல் வெளுத்துப்போகும் தொந்தரவு உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கை மணி சரியாக அடிக்காது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அழுத்தக் கட்டு போட வேண்டாம்.

ஒட்டும் பட்டை

தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கோஹெசிவ் பேண்டேஜ்தான் முதல் சில நாட்களுக்கு எங்கள் தேர்வு. வீக்கம் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு என்று மாறும் நாட்கள் அவை. அளவு மாறாத உறையை விட, அவிழ்த்து அவிழ்த்துக் கட்டக்கூடிய பட்டை அந்த நாட்களுக்குப் பொருந்தும். (வீட்டில் கிடக்கும் கிரேப் பேண்டேஜ் வேண்டாம். அகலமும் கனமும் அதிகம். விரல் பொம்மைபோல் உருண்டு நிற்கும், மடக்கவே முடியாது.)

2.5 செ.மீ. அகலப் பட்டை வாங்குங்கள். உருளையில் அது ஏற்கெனவே இழுபட்ட நிலையில் சுற்றப்பட்டிருக்கும். உருளையிலிருந்து நேரடியாக விரலில் சுற்றினால் அந்த இழுப்பு அப்படியே விரலுக்கு வந்துவிடும். அதனால் முதலில் மேசை மேல் தாராளமாகப் பிரித்துப் போட்டு, சுருங்க விட்டு, சுருங்கிய பிறகு 40 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு விரலுக்கு இது போதும். நகத்தின் முனை வெளியே தெரியும்படி நுனிச் சதையில் தொடங்குங்கள். விரலை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு, சாய்வாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி விரலின் அடி வரை வாருங்கள். நுனியில் சற்றே இழுப்பு. மூட்டைத் தாண்டியதும் இழுக்காமல் வைத்துக்கொண்டே போவது மட்டும். கடைசிச் சுற்றை வைத்து அமுக்கினால் போதும். மூட்டை மட்டும் சுற்றி நிறுத்தினால் நுனி திரண்டு உப்பிவிடும்.

தொட்டாலே வலிக்கிற விரலுக்கு இன்னொரு வழி உண்டு; கைச் சிகிச்சை நிபுணர்கள் செய்வது. 7.5 செ.மீ. அகலப் பட்டையிலிருந்து விரலின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல் விரலைச் சுற்றி மூடி, இரு ஓரங்களையும் விரலின் முதுகுப் பக்கம் சேர்த்துக் கிள்ளி ஒட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை மழுங்கிய கத்தரியால் நறுக்கிவிடலாம். சுற்றவே இல்லை என்பதால் எந்த இடத்திலும் இறுகாது. அழுத்தம் லேசாக, நீளத்துக்கு ஒரே மாதிரி இருக்கும்.

இதன் குறைகள்: நனைந்தால் தோல் ஊறி வெளுக்கும், இரண்டு மூன்று முறைக்கு மேல் ஒட்டாது, சிலவற்றில் லேடெக்ஸ் இருக்கும், ஒவ்வாமை உள்ளவர்கள் பாக்கெட்டின் மேல் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். வீக்கத்துக்குக் குளிர் ஒத்தடம் கொடுத்தால் அந்த 10 நிமிடமும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் விரலுக்கு ரத்தம் போவது குறையும்.

பின்னல் உறை

வீக்கம் ஏறுவது நின்று மெல்ல இறங்கத் தொடங்கியதும், ஏறத்தாழ 3 அல்லது 4-ஆம் நாளிலிருந்து, உறை வசதியானது. மாட்டுவது சுலபம், துவைக்கலாம், எழுதலாம், தட்டச்சு செய்யலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது நீளமும் சுற்றளவும். மூட்டை மட்டும் மூடும் குட்டை உறையை வாங்கவே வாங்காதீர்கள். அதன் இரண்டு விளிம்பும் விரலின் ஒல்லியான இரண்டு இடங்களில் போய் உட்காரும். நகத்தின் அடியிலிருந்து விரல் இடுக்கு வரை வருவதுதான் சரி. சுற்றளவை நடு மூட்டிலும் விரலின் அடியிலும் தனித்தனியாக அளந்து, அளவு அட்டையோடு ஒப்பிட்டு எடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதே நல்லது.

மாட்டும்போது சாக்ஸ் இழுப்பதுபோல் மூட்டின் மேல் இழுத்தால் வலிக்கும், துணியும் ஒரே பக்கம் திரளும். பாதியை வெளிப்புறமாக மடித்து, நுனியில் வைத்து, பிறகு மடிப்பை அடியை நோக்கிப் பிரித்து விடுங்கள். 20 நிமிடம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். துணியின் நெசவுத் தடம் லேசாகத் தெரிந்து சீக்கிரம் மறைந்தால் அளவு சரி. விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால் இறுக்கம்.

அடிக்கடி நடக்கும் கோளாறு விளிம்பு சுருள்வது. விரலை மடக்கி நீட்ட, உள்ளங்கைப் பக்கம் துணி சுருங்கி, அடி விளிம்பு தன்மேல் தானே உருண்டு மூன்று நான்கு அடுக்கு வளையமாகிவிடும். அடுக்கு கூடினால் அழுத்தம் கூடும் என்று மேலே சொன்னோமே, அதுதான் இங்கேயும். உறை மாட்டியிருக்கும் நாளில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஒருமுறை விளிம்பைப் பார்த்து நீவி விடும் பழக்கம் வேண்டும். இரவில் அதைப் பார்க்க ஆளில்லை என்பதால், பகலில் பல மணி நேரம் சுருளாமல் இருந்த உறையை மட்டுமே இரவில் போடலாம். சந்தேகம் இருந்தால் கழற்றிவிட்டு, கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துத் தூங்குங்கள்.

வீக்கம் வடிந்ததும் அதே உறை தொளதொளவென்று ஆகிவிடும். அது இனி துணி மட்டும். ஒரு அளவு குறைத்து மாற்ற வேண்டும்.

ஜெல் பூசிய உறைகள் மெத்தென்று இருக்கும், இடிபடாமல் காக்கும். ஆனால் வியர்வை வெளியேறாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்காவிட்டால் தோல் ஊறி உரியும். வீக்கத்துக்கென்று இதை வாங்க வேண்டியதில்லை. விளையாட்டு வீரர்கள் போடும் கட்டுக்கட்டாக வரும் மெல்லிய உறைகள் விரலுக்கு வெதுவெதுப்பும் 'இங்கே அடிபட்டிருக்கிறது' என்ற நினைவூட்டலும் தரும். பந்து மறுபடி பட்டால் தசைநாரைக் காப்பாற்றும் வலு அவற்றில் எதற்கும் கிடையாது.

ஜோடிக் கட்டு

அந்த வலுவைத் தருவது பக்கத்து விரல். அடிபட்ட விரலை நல்ல விரலோடு சேர்த்துக் கட்டினால் மடங்குவது, நீள்வது இரண்டும் நடக்கும். பக்கவாட்டு ஆட்டம் மட்டும் நின்றுவிடும். சுளுக்கு ஆற இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

எந்த விரலோடு என்பது முக்கியம். மூட்டின் எந்தப் பக்கம் தொட்டால் வலிக்கிறதோ அந்தப் பக்கத்து விரலோடு கட்டுங்கள். நடுவிரலின் சுட்டுவிரல் பக்கம் வலித்தால் சுட்டுவிரலோடு. சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தேர்வே இல்லை, இருப்பது ஒரு துணைதான்.

1.25 செ.மீ. அகல டேப் இரண்டு துண்டு. ஒன்று விரலின் அடிக்கும் நடு மூட்டுக்கும் இடையில். இன்னொன்று நடு மூட்டுக்கும் நுனி மூட்டுக்கும் இடையில். மூட்டின் மேல் டேப் ஏறக் கூடாது. விரல்களுக்கு நடுவே மெல்லிய காஸ் துணியை மடித்து வையுங்கள். இல்லாவிட்டால் வியர்வையில் தோல் ஊறிப் புண்ணாகும். தினமும் மாற்றுங்கள், நனைந்தால் உடனே. சுண்டுவிரலில் கவனம் தேவை: அதன் மூட்டுகள் மோதிர விரலின் மூட்டுகளுக்கு நேராக வராது, கீழே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நேராகச் சுற்றினால் டேப் ஏதோ ஒரு மூட்டின் மேல்தான் விழும். சற்றுச் சாய்வாக ஓட்ட வேண்டும்.

நீளாத வெள்ளை ஸ்போர்ட்ஸ் டேப் முதல் இரண்டு நாளுக்கு ஆபத்து. விரல் வீங்கிக்கொண்டே போகும், டேப் இடம் கொடுக்காது. அந்த நாட்களில் வெல்க்ரோ வளையம் போடுங்கள், இறுகும்போது தளர்த்திக்கொள்ளலாம். ஆடுகளத்துக்குத் திரும்பும் நாளில் நிலைமை நேர்மாறு. வெல்க்ரோ வியர்வையில் நழுவும், நீளும் டேப் இடிபடும்போது இடம் கொடுத்துவிடும். அங்கே நீளாத டேப்தான்.

வீக்கமும் இருக்கிறது, ஆட்டமும் தடுக்க வேண்டும் என்றால் மெல்லிய உறையைப் போட்டு அதன் மேல் வெல்க்ரோ வளையத்தைத் தளர்வாகக் கட்டலாம். ஒட்டும் பட்டையின் மேல் நீளாத டேப் மட்டும் வேண்டாம். இரண்டின் இறுக்கமும் சேர்ந்துகொள்ளும், அடியில் என்ன நடக்கிறதென்று தெரியாது.

பஞ்சு வைத்த அலுமினியத் தகடு அழுத்தக் கட்டே அல்ல. வலி தாங்காத முதல் சில நாட்களுக்கும், மருத்துவர் சொன்ன காயங்களுக்கும் மட்டும். சாதாரணச் சுளுக்குக்கு வாரக்கணக்கில் வைத்தால் நடு மூட்டு விறைத்துவிடும், அதை மறுபடி மடக்க வைப்பது சுளுக்கை விடப் பெரிய வேலை.

வடிகிறதா என்று எப்படித் தெரியும்?

கண்ணுக்குத் தெரியாது. ஒரு செ.மீ. அகலக் காகிதப் பட்டையை நடு மூட்டைச் சுற்றி வைத்து, இறுக்காமல், முனை வந்து சேரும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி. அதே பட்டையில் மற்ற கையின் அதே விரலுக்கும் ஒரு கோடு, அதுதான் போய்ச் சேர வேண்டிய இடம். தினமும் ஒரே நேரத்தில் அளங்கள், ஏனென்றால் காலை அளவும் மாலை அளவும் ஒத்துப்போகாது. கோடுகள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நெருங்கி வருவது தெரியும். ஒரு வாரமாகக் கோடு நகரவே இல்லை என்றால் உறையின் அளவு தவறு, அல்லது விரலுக்கு அசைவு போதவில்லை.

அசைவில்லாமல் எந்த உறையும் வேலை செய்யாது. விரல் மடங்கி நீளும்போதுதான் உறை உள்ளிருந்து அமுங்கித் தளர்ந்து, நீரைக் கையை நோக்கித் தள்ளுகிறது. இதுபோகத் தனிப் பயிற்சியும் வேண்டும்: உறையைக் கழற்றிவிட்டு, அடி எலும்பை மற்ற கையால் பிடித்துக்கொண்டு நடு மூட்டை மட்டும் 10 முறை மெதுவாக மடக்கி நீட்டுங்கள், நாளுக்கு 4 அல்லது 5 வேளை. இழுபடும் உணர்வு வரலாம், குத்தும் வலி வரக் கூடாது. பிறகு நுனியிலிருந்து உள்ளங்கை நோக்கி லேசாக நீவிவிட்டு உறையை மாட்டுங்கள்.

மடங்குவதை எல்லோரும் கவனிப்பார்கள், நீள்வதை மறந்துவிடுவார்கள். வீங்கிய நடு மூட்டு அரை மடிப்பில் நிற்கவே விரும்பும். அந்த நிலையில்தான் மூட்டுப் பைக்குள் நீருக்கு இடம் அதிகம். அப்படியே விட்டால் உள்ளங்கைப் பக்கத் தகடு சுருங்கி, விரல் முழுதாக நீளாமல் போய்விடும். தினமும் கையை மேசையில் மல்லாக்க வைத்து விரலின் முதுகு பலகையைத் தொடுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் ஆகியும் இடைவெளி இருந்தால் கைச் சிகிச்சை நிபுணரிடம் போங்கள்; இரவில் நேராகப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் கொடுப்பார்கள்.

லேசான சுளுக்கில் வலி ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். ஜோடிக் கட்டு அன்றாட வேலைக்கு 2 முதல் 4 வாரம், தசைநார் பாதி கிழிந்திருந்தால் 6 வாரம் வரை, விளையாட்டில் அதற்குப் பிறகும் சில வாரம். மூட்டின் தடிப்பு மட்டும் 6 மாதம், ஒரு வருடம் வரை நிற்கும். சிலருக்கு அந்த மூட்டு கொஞ்சம் பருத்தே தங்கிவிடும். வலியில்லாமல் முழுதாக மடங்கி, முழுதாக நீள்கிறதென்றால் அந்தத் தடிப்புக்காக உறையைத் தொடர வேண்டியதில்லை. மோதிரத்தின் அளவை மட்டும் கடைசியாக மாற்றுங்கள், காகிதப் பட்டையின் கோடு இரண்டு மாதம் ஒரே இடத்தில் நின்ற பிறகு.